காவிரி டெல்டாவில் வசதியுள்ள வீட்டுக்காரர் ஏன் மறியலுக்கு வருவதில்லை? – விவாத இழை

கடைமடை:
கொள்முதல் நிலையம் திறக்கலைன்னு மறியல், முறைவச்சுத் தண்ணி விடற முறைப்பாசனத்துல கடைசி மதகுக்குத் தண்ணி வரலைன்னு மறியல், பயிர்க் காப்பீட்டுல ஊரே விடுபட்டுப் போச்சுன்னு மறியல். எதுவா இருந்தாலும் ரோட்டுல உட்கார்றவங்க ரெண்டு மூணு ஏக்கர்காரங்க, குத்தகைக்காரங்க, கூலியாளுங்கதான். அதே வாய்க்கால்ல 20 ஏக்கர் வச்சிருக்கிறவர் வர்றதில்லை. பையன் சிங்கப்பூர்ல இருக்கிற வீட்டுலேர்ந்து யாரும் வர்றதில்லை. வாத்தியார் வீடு, பேங்க் வேலைக்காரர் வீடு வர்றதே இல்லை. அவங்களைத் திட்டறதுக்காக இதை ஆரம்பிக்கலை. காரணம் சரியாத் தெரிஞ்சாத்தான் வரவைக்க வழி தெரியும். "வசதி வந்தா பயம் வந்துடும்"னு ஒத்தை வரியில முடிச்சுடாம, விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

வெண்ணாற்றுக்கரை:
அண்ணே, பயம் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, அவங்களுக்கு வேற கதவு இருக்குங்கிறதுதான்.

ஒவ்வொண்ணாப் பாருங்க. வாய்க்கால்ல தண்ணி வரலை. கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம் நிலத்தடி நீர் நல்ல நீர். பில்டர் பாயிண்ட்னு குழாய்க் கிணறு போட்டு மோட்டாரைத் தட்டிவிட்டா முடிஞ்சது, விவசாய மின்சாரமும் இலவசம். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா திறக்காதான்னு நாமெல்லாம் அணை மட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது அவர் மே மாசமே குறுவைக்கு நாத்து விட்டுடுவார். அதே காவிரித் தண்ணிக்குக் காத்திருக்கிற தலைஞாயிறு, வேதாரண்யம், கீழையூர் பக்கம் பூமியைத் துளைச்சா உப்புத்தண்ணி. அவங்களுக்கு ஆத்துத் தண்ணியை விட்டா வேற வழி கிடையாது. அதனாலதான் தலைமடை அமைதியா இருக்கு, கடைமடை ரோட்டுல உட்காருது. ரெண்டு பேருக்கும் மனசு ஒண்ணுதான், தண்ணி கிடைக்கிற இடம்தான் வேற.

அடுத்தது நெல்லு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. 40 கிலோ சிப்பம் கட்டி, வரிசையில காத்துக் கிடக்கணும். பெரிய பண்ணைக்காரருக்குச் சொந்தக் களம் இருக்கு, தார்ப்பாய் இருக்கு, கொட்டகை இருக்கு. பத்து நாள் காயவச்சு நிதானமா எடுத்துட்டு வருவார். பொறுக்க முடியலைன்னா குவிண்டாலுக்கு நூறு இருநூறு குறைஞ்சாலும் வியாபாரிக்கு வயல்லயே போட்டுடுவார். ரெண்டு ஏக்கர்காரர் நெல்லு நிலையத்து வாசல்ல மண்ணுல கொட்டிக் கிடக்கு. ஒரு ராத்திரி மழை பெஞ்சா அடி மூட்டை முளைச்சுடும். பண்ணைக்காரருக்கு அது லாபத்துல கொஞ்சம் குறையற கணக்கு. இவருக்கு அது முழு போகம், வட்டிக்கடன், பொண்ணு கல்யாணம் எல்லாம் சேர்ந்தது. மறியல் நடக்கிற அன்னிக்கு ரெண்டு பேருக்கும் எரியற அளவே வேற.

செம்பனார்க் கழனி:
வெண்ணாறு சொல்றது டெல்டாவுக்குப் பொருந்தும். ஆனா இதைப் பொதுவிதியா ஆக்கிடாதீங்க. வசதியுள்ளவன் தெருவுக்கு வரமாட்டான்னா பஞ்சாப் விவசாயிகள் 2020 நவம்பர் 26 முதல் அடுத்த டிசம்பர் வரைக்கும் டெல்லி எல்லையில ஒரு வருஷத்துக்கு மேல எப்படி உட்கார்ந்தாங்க? நாட்டிலேயே வசதியான விவசாயிகள்ல அவங்க முன்வரிசை. டிராக்டர், டிராலிக்குள்ள மெத்தை, லங்கர்ங்கிற பொதுச் சமையல்னு சகலமும் கொண்டுபோனாங்க. அவங்க எதிர்த்த மூணு வேளாண் சட்டங்களும் ரத்தாச்சு. நம்ம மாநிலத்துலயே பாருங்க, 1970லயும் 1972லயும் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோயம்புத்தூர்ல மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நகரத்தையே அடைச்சவங்க யாரு? கிணறு, பம்புசெட்டு, பருத்தின்னு இருந்த வசதியான கொங்கு விவசாயிங்க. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னாடி நின்னவங்கள்ல பஞ்சத்துல அடிபட்டவங்க கம்மி.

உலகத்துலயும் அப்படித்தான். பிரான்ஸ்ல 2018 நவம்பர் 17ஆம் தேதி மஞ்சள் சட்டைக்காரங்க ரவுண்டானாக்களை அடைச்சது எரிபொருள் வரிக்காக. ஹாங்காங் 2019ல தெருவுக்கு வந்தப்போ அது ஏழை ஊர் இல்லை. அதனால கேள்வியே "வசதியிருந்தா ஏன் வரமாட்டான்"ங்கிறது இல்லை. "எந்த வசதி ஆளை வீட்டுல கட்டிப்போடுது, எந்த வசதி வெளியில தள்ளுது"ங்கிறதுதான்.

வெண்ணாற்றுக்கரை:
சரியான இடத்துல பிடிச்சீங்க. பஞ்சாப்ல நிலத்துக்காரரே பெரும்பாலும் டிராக்டர் மேல உட்கார்ந்து உழுறார். கொள்முதல் போச்சுன்னா அடி நேரா அவர் தலையில. டெல்டாவுல பட்டா ஒருத்தர் பேர்ல இருக்கு, பட்டாதாரர் திருச்சியிலயோ சென்னையிலயோ இருக்கார். வயல்ல இறங்கறவர் குத்தகைக்காரர். நிறைய நிலம் கோயில், மடத்துது. குத்தகை பேசினது வாய்ப்பேச்சு. 1955ஆம் வருஷத்துக் குத்தகைப் பாதுகாப்புச் சட்டமும் 1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருந்தும் பதிவு பண்ணாத குத்தகைதான் ஊருக்கு ஊர். பட்டாதாரருக்குக் குத்தகை நெல்லு வந்தா போதும், போகம் போச்சுன்னா அடுத்த வருஷம் சேர்த்து வாங்கிக்கலாம். குத்தகைக்காரர் பேர் அடங்கல்ல, அதாவது சாகுபடிப் பதிவேட்டுல, ஏறலைன்னா அவருக்குக் காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை. வலி ஒருத்தருக்கு, ஊர்ல சொல்லுக்கு மதிப்பு இன்னொருத்தருக்கு. வசதியும் வலியும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்திருந்தாத்தான் பஞ்சாப் மாதிரி நடக்கும்.

அக்கரைச்சீமை:
சிங்கப்பூர் பேச்சு வந்ததால் அதைச் சொல்கிறேன். நம் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பிள்ளைகள் அங்கே அதிகம். "அங்கே எல்லாரும் வசதியாக இருக்கிறார்கள், அதனால்தான் போராட்டமே இல்லை" என்ற பேச்சு ஊரில் பலமாக இருக்கிறது. பாதி உண்மை.

முதலில் சட்டம். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரே ஒருவர் தெருவில் பதாகை பிடித்து நின்றாலும் அது கூட்டம்தான், அனுமதி வேண்டும். 2000 செப்டம்பரில் திறந்த ஹோங் லிம் பூங்காப் பேச்சாளர் மூலைதான் விதிவிலக்கு. அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வேலை அனுமதிச் சீட்டில் போனவர் அங்கே சேர்ந்து நிற்க முடியாது. சீட்டு முதலாளியோடு கட்டியது. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான், அங்கே போவதற்கு வாங்கிய ஏஜென்ட் கடன் அப்படியே நிற்கும்.

அடுத்தது, இந்த இழைக்கு முக்கியமானது: மாற்று வாசல். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் வாரம் ஒரு மாலை தன் தொகுதியின் அடுக்குமாடி அடித்தளத்தில் உட்கார்ந்து மக்களைச் சந்திப்பார். வாடகை பாக்கியா, மருத்துவச் செலவா, வீடு ஒதுக்கீடா, அங்கேயே கடிதம் தட்டச்சு செய்து உரிய துறைக்கு அனுப்புவார்கள். குடியிருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அரசு கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள், பெரும்பாலோருக்கு அது 99 ஆண்டுக் குத்தகையில் சொந்த வீடு. சேமிப்பு, வீடு, ஓய்வுப் பணம் மூன்றும் அரசின் ஏற்பாட்டோடு பின்னியது. குறை தனித்தனியாகத் தீரும்போது நூறு பேர் ஒன்று சேர வேண்டிய அவசியம் குறைகிறது.

ஆனாலும் 2013 பிப்ரவரி 16, சனிக்கிழமை, மக்கள்தொகையை 69 லட்சம் வரை கணித்த வெள்ளை அறிக்கையை எதிர்த்து அதே ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அதே வசதி, அதே மக்கள். தனிக் கடிதத்தால் தீராத பிரச்சினை, சட்டம் அனுமதித்த இடம், விடுமுறை நாள். மூன்றும் சேர்ந்ததால் வந்தார்கள்.

கடைமடை:
"தனிக் கடிதத்தால் தீராத பிரச்சினை". இதைக் குறிச்சு வச்சுக்குவோம். நம்ம கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வசதியுள்ளவங்க தவறாம வர்றாங்க. மைக்குல பேசறாங்க, மனு கொடுத்து நம்பர் வாங்கறாங்க. தெருவுக்குத்தான் வர்றதில்லை.

மன்னைக் கணக்கு:
அதை இளப்பமாகப் பார்க்க வேண்டாம் தம்பி. மனுவும் கோர்ட்டும் டெல்டாவில் பெரிய வேலை செய்திருக்கின்றன. காவிரிக்காக 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அரசாங்கம் இல்லை. மன்னார்குடி எஸ்.ரங்கநாதன் முன்னின்ற விவசாயிகள் சங்கம் போட்ட ரிட் மனு அது. அந்த வழக்கில் 1990 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் ஜூன் 2இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25இல் 205 டி.எம்.சி. இடைக்காலத் தீர்ப்பு, 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதில் தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று முடிந்தது. 35 வருஷம் வக்கீல் சம்பளம், டெல்லிப் பயணம், வரைபடம், நீரளவுப் பதிவேடு எல்லாம் தாங்க வசதியுள்ளவர்கள் வேண்டும். கூலியாள் தாங்க மாட்டார். தெருவுக்கு வரவில்லை என்பதற்காக ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்த மண்ணில் தெரு என்பது பண்ணையாளின் இடமாகவும் சங்கக் கட்டடமும் கோர்ட்டும் மிராசுதாரின் இடமாகவும் ரொம்ப நாளாகப் பிரிந்து கிடந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் காலத்தில் செங்கொடி பிடித்து ஊர்வலம் போனவர்கள் பண்ணையாட்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள். கூலிப் போராட்டம் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 உயிர்களைத் தீயில் கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு "மறியல்" என்ற சொல்லே மேல்தெருவுக்கு ஆகாத சொல்லாகிவிட்டது. இன்றைக்குப் பிரச்சினை பொதுவாக இருந்தாலும் பெரிய வீட்டுக்காரர் தார்ரோட்டில் மற்றவர்களோடு சம்மணம் போட்டு உட்காரத் தயங்குகிறார் என்றால், அதில் எஃப்.ஐ.ஆர். பயம் மட்டும் இல்லை, யார் பக்கத்தில் உட்காருவது என்ற சாதிக் கணக்கும் இருக்கிறது. அதைப் பேசாமல் எந்தத் திட்டமும் போட முடியாது.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்திலிருந்து ஒரு விஷயம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தார். தஞ்சைக் கலெக்டர் தோர்ன், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் 6 மாதம் வரை சிறை என்று தண்டோரா போட்டார். வழியில் இருந்த வசதியான வீடுகள் என்ன செய்தன? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டன. யார் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. நடந்தவர்கள் பசியில்லாமல் நடந்தார்கள். முன்னால் வர முடியாத வீட்டுக்கும் ஒரு கிளை வேண்டும், அவ்வளவுதான்.

செம்பனார்க் கழனி:
மன்னை ஐயா, கும்பிட்டுக்கிறேன். ஆனா பொட்டலம் கட்டற வீடு மட்டும் நூறு இருந்து நடக்கிற ஆள் பத்து இருந்தா போலீசுக்குச் சிரமமே இல்லை. கணக்குல வர்றது ரோட்டுல இருக்கிற தலைதான்.

இன்னொண்ணு. வெண்ணாறு சொன்ன "வேற கதவு" விஷயத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலே சாட்சி. 2017 பிப்ரவரி 15 பூமிக்கடியில எண்ணெய், எரிவாயு எடுக்கற ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல், மறுநாளே அங்க போராட்டம். தென்னை, வாழை, பலா, கரும்புன்னு தண்ணி வசதியான ஊர், வெளிநாட்டுக் காசு புழங்கற ஊர். ஏன் எல்லா வீடும் வந்துச்சு? ஆழ்துளைக் கிணறுதான் அவங்களோட மாத்து வழி. அந்தத் தண்ணியே போயிடும்னு தெரிஞ்சப்போ மாத்து வழி அடைஞ்சு போச்சு. நிலத்தை வித்துட்டுப் போகலாம்னாலும் எண்ணெய்க் கிணத்துக்குப் பக்கத்து நிலத்தை யார் வாங்குவா? முதல் கட்டமே 22 நாள். நிறுத்தி வச்சு, ஏப்ரல் 12ல திரும்ப ஆரம்பிச்சு மாசக்கணக்குல போச்சு.

வழக்காடி:
எஃப்.ஐ.ஆர். பயத்தைச் சிலர் கடந்து போய்விட்டார்கள். வசதியுள்ள வீட்டை வாசலோடு நிறுத்துவது பெரும்பாலும் அந்தக் காகிதம்தான். எது நிஜம், எது ஊர்ப்பேச்சு என்று பிரித்துச் சொல்கிறேன்.

மறியலில் வழக்கமாக நடப்பது இது. பத்தரை மணிக்கு உட்காருவார்கள். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். சரிப்படாவிட்டால் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள். அங்கே ஒரு காவலர் நோட்டில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், செல் நம்பர் எழுதுவார். மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. வீட்டுக்குப் போனால் முடிந்தது என்று நினைப்பார்கள். அந்த நோட்டுதான் பிறகு எஃப்.ஐ.ஆர். ஆகலாம். முன்பு இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 143, 188, 341: சட்டவிரோதமாகக் கூடியது, தடை உத்தரவை மீறியது, வழிமறித்தது. 2024 ஜூலை 1க்குப் பிறகு புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 189(2), 223, 126(2). முதல் ஆறேழு பேரைப் பெயரோடு போட்டு "மற்றும் பலர்" என்று முடிப்பார்கள். அந்த "மற்றும் பலர்" பிறகு யாரை வேண்டுமானாலும் சேர்க்க இடம் தரும் சொல். எனவே மண்டபத்தில் கொடுக்கும் விவரம் சரியாக இருக்கட்டும், இன்னொருவர் பெயரைக் கொடுக்காதீர்கள், ஒரு வாரத்தில் எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல்துறை இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட். 1967ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 6(2)(எஃப்) சொல்வது "குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு". எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது அந்தப் பிரிவுக்குள் வராது, நீதிமன்றம் குற்றப்பத்திரிகையைக் கோப்பில் ஏற்றிருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபரில் அலுவலக உத்தரவே போட்டிருக்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தாலும் நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் பெற 1993ஆம் ஆண்டு அறிவிக்கை வழி வைத்திருக்கிறது. ஆக "மறியலுக்குப் போனால் பையன் பாஸ்போர்ட் போச்சு" என்பது இரண்டு வகையில் தவறு. அப்பா மேல் உள்ள வழக்கு மகன் பாஸ்போர்ட்டைத் தொடாது, எஃப்.ஐ.ஆர். மட்டும் யாருடையதையும் முடக்காது. நடைமுறையில் சிக்கல் எங்கே என்றால், போலீஸ் சரிபார்ப்பில் நிலையத்திலிருந்து பாதகமாக எழுதிவிடுவார்கள். அதைத் திருத்த இரண்டு மூன்று மாதம் அலைய வேண்டும். விசா கையில் இருக்கும் பையனுக்கு அந்த மூன்று மாதம்தான் தண்டனை.

உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள் காவல்துறை வேலைக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகள். சார்நிலைக் காவல் பணி விதி 14(பி) கடுமையானது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதும். அந்த வயதுப் பிள்ளைகளை மறியலில் முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். பெரியவர்கள் உட்காருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 188 வகை வழக்கை நீதிமன்றம் ஏற்க, தடை போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்தில் புகார் தர வேண்டும். போலீஸ் அறிக்கை போதாது. இதை 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தெளிவாகச் சொல்லிப் பல வழக்குகளை ரத்து செய்தது. மேலே சொன்ன மூன்று பிரிவுகளும் ஓராண்டுக்குள் சிறைத்தண்டனை உள்ளவை, ஆகவே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 514இன்படி இவற்றுக்கு ஓராண்டுக் காலவரம்பு உண்டு. எல்லாம் கெடுவது ஒரே இடத்தில். யாரோ ஒருவர் பஸ் கண்ணாடியை உடைத்தால் 1992ஆம் ஆண்டுப் பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம். போலீஸ்காரரைப் பிடித்துத் தள்ளினால் பி.என்.எஸ். 132. ஜாமீனில் வர முடியாத பிரிவுகள். ஒரு கல், முந்நூறு பேருக்கும் வழக்கின் தன்மையையே மாற்றிவிடும். வசதியுள்ளவர் பயப்படுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தெரியாத ஆளின் கையில் இருக்கும் கல்லுக்கு. அந்தப் பயம் நியாயமானது.

நாத்தங்கால்:
வழக்கறிஞர் சார் எழுதினதை எல்லா ஊர் வாட்ஸ்அப் குழுவுலயும் போடணும். நான் பெண்கள் பக்கம் எழுதறேன், இதுவரை ஒருத்தரும் தொடலை.

வசதியான வீட்டுப் பெண்கள் வராததுக்கு முதல் காரணம் கொள்கை இல்லை, கழிப்பறை. காலையில எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தண்ணி குடிக்காம உட்காரணும். வயசான அம்மாவுக்கும் மாதவிடாய் நாள்ல இருக்கிற பொண்ணுக்கும் அது முடியவே முடியாது. இடம் தேர்வு பண்றவங்க ஆண்கள், கொடிக்கம்பத்தைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கறாங்க. பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையிலேர்ந்து 200 அடிக்குள்ள இடம் பிடிங்க. இல்லைன்னா பக்கத்து மண்டபக்காரர்கிட்ட முன்னாடியே பேசிச் சாவி வாங்கி வைங்க. இது ஒண்ணு செஞ்சாலே பெண்கள் வரவு மாறும்.

அடுத்தது நேரம். வேலைநாள் காலை பத்தரைங்கிறது சங்கத்துக்காரர் பழக்கம். ஆசிரியர், கடைக்காரர், பேங்க் வேலைக்காரர் யாரும் அதுக்கு வர முடியாது. தென்கொரியாவுல 2016 அக்டோபர் கடைசியிலேர்ந்து வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம், கையில மெழுகுவத்தியோட, பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தாங்க. வேலையும் கெடலை, கைதும் ஆகலை, அதிபர் 2017 மார்ச் 10ல பதவி இழந்தார். நம்ம சல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு ஐ.டி. பிள்ளைங்க வந்ததுக்கும் அதுவே காரணம். ஷிப்ட் முடிச்சு மெரினாவுக்கு வந்துட்டுத் திரும்பப் போக முடிஞ்சுது.

எவ்வளவு நேரம்னு நோட்டீஸ்ல கட்டாயம் போடுங்க. "மாலை 4.30 முதல் 6 வரை"ன்னு போட்டா வருவாங்க. "கோரிக்கை நிறைவேறும் வரை"ன்னு போட்டா கைது பண்ணுவாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு வீட்டுல இருந்துடுவாங்க.

200 பேருக்கு ஒரு மாலை ஆர்ப்பாட்டம்னா: 20 லிட்டர் தண்ணி கேன் 15. சித்திரை வைகாசின்னா 20. மோர் தனி. சாப்பாடு வேணும்னா புளிசாதத்துக்கு 25 கிலோ அரிசி போதும், கிலோவுக்கு எட்டுப் பேர் கணக்கு. பொட்டலமா கட்டுங்க, பந்தி வைக்காதீங்க. பந்தி வச்சா கூட்டம் ரெண்டாப் பிரியும், மைக்கு முன்னாடி இருபது பேர்தான் நிப்பாங்க, அந்த நேரத்துல எடுத்த போட்டோதான் பத்திரிகையில வரும். பேச்சாளர் ஆறு பேருக்கு மேல வேண்டாம், ஆளுக்கு ஏழு நிமிஷம். கட்சிக்கொடி இருந்தா அரசு ஊழியர் வீடு ஒதுங்கிடும், நடத்தை விதி அவங்களைக் கட்டுது. பச்சைத் துண்டு போதும்.

வெண்ணாற்றுக்கரை:
நாத்தங்கால் அக்கா சொன்னதெல்லாம் வர்ற வழியை லேசாக்கும். ஆனா "நான் வராட்டியும் தண்ணி என் வயலுக்கும் பாயுமே"ங்கிற எண்ணத்தை என்ன செய்யறது? மறியல் ஜெயிச்சு மதகு திறந்தா, வந்தவன் வயல் வராதவன் வயல்னு தண்ணி பார்க்காது. இதுதான் நடு முடிச்சு.

பழைய குடிமராமத்துல இதுக்கு விடை இருந்துச்சு. வாய்க்கால் வெட்டுக்கு நிலத்தளவு பார்த்து ஆள் கணக்கு. இத்தனை மா நிலத்துக்கு ஒரு வெட்டாள், ஒரு வேலி நிலத்துக்கு இத்தனை ஆள். 20 மா ஒரு வேலி. ஆள் அனுப்பாதவர் கூலியைக் கட்டணும். கட்டலைன்னா ஊர்க்கூட்டத்துல பேர் வாசிப்பாங்க. போராட்டத்துக்கும் அதே மாதிரி நிலத்தளவுக் கணக்குப் போட்டா என்ன?

செம்பனார்க் கழனி:
பஞ்சாப்ல அதைத்தான் செஞ்சாங்க. 2021 ஜனவரிக்குப் பிறகு சில ஊர்ப் பஞ்சாயத்துகள், வீட்டுக்கு ஒரு ஆள் ஒரு வாரம் டெல்லி எல்லைக்குப் போகணும், போகாத வீடு 1,500 ரூபாய் கட்டணும்னு தீர்மானம் போட்டுச்சு.

ஆனா எங்க கெடும்னா, அபராதத்தைக் குறைச்சலா வச்சா வசதியுள்ளவர் முதல் நாளே கட்டிட்டு நிம்மதியாத் தூங்குவார். காசு கொடுத்துட்டோம், கடமை முடிஞ்சதுங்கிற எண்ணம் வந்துடும். அப்புறம் அந்தக் காசுல கூலிக்கு ஆள் பிடிச்சு உட்கார வைப்பாங்க. கூலிக்கு வந்தவரை உளவுப்பிரிவு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுடும், "எதுக்கும்மா வந்தீங்க"ன்னு ஒரே கேள்விதான். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக்கூட வரமாட்டார். அதனால காசு வேண்டாம். ஆள்தான் வரணும், ஆனா எந்த வேலைக்கு வரணும்ங்கிறதை அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். ரோட்டுல உட்கார்றது ஒண்ணு, மனித சங்கிலியில அரைமணி நேரம் நிக்கிறது ஒண்ணு, மண்டபத்து வாசல்ல ராத்திரி வரை காத்திருந்து எல்லாரும் விடுதலையாகி வர்றாங்களான்னு எண்ணிப் பார்க்கிறது ஒண்ணு. ஆளில்லாத வீடுன்னு ஒண்ணு இருக்கக் கூடாது.

மன்னைக் கணக்கு:
வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் அந்த வாய்க்கால் பாசனத்தில் உள்ள எல்லாத் தெருவையும் சேர்த்துக் கணக்கு எடுங்கள். குத்தகைக்காரர் பெயர் பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்திலேயே வரட்டும். அந்தப் பட்டியலை முதலில் எழுதுங்கள், போராட்டம் பிறகு.

கடைமடை:
எழுதறோம் ஐயா. வழக்கறிஞர் சார், ஒரே ஒரு கேள்வி. மறியல் வேண்டாம், முதல் அடியா சனிக்கிழமை சாயங்கால ஆர்ப்பாட்டம்னு வச்சா, அனுமதி யாருக்கு, எப்படி எழுதணும்? மறுத்துட்டா எங்க போகணும்? இந்த ஊர்கள் தஞ்சாவூர் மாவட்டத்துலயும் இருக்கு, திருவாரூர்லயும் இருக்கு.

வழக்காடி:
காவல் நிலைய ஆய்வாளருக்கு எழுதுங்கள், நகல் டி.எஸ்.பி.க்கு. குறைந்தது ஏழு நாள் முன்னதாக. கடிதத்தில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், சர்வே எண்ணோ கடைப் பெயரோ சொல்லித் துல்லியமான இடம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, கோரிக்கை, மைக் எத்தனை, பொறுப்பாளர் ஐந்து பேர் பெயர், முகவரி, செல் நம்பர். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 200 என்று எழுதி 200 பேர் வந்தால் அடுத்த முறை பேச்சு எளிது. 2,000 என்று எழுதினால் மறுக்க அதுவே காரணம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத மாற்று இடம் ஒன்றையும் அதே கடிதத்தில் சேருங்கள். "அந்த இடம் சரிப்படாது" என்று சொல்லிக் கடைசி நாளில் கையை விரிக்க முடியாது.

கடிதத்தை நேரில் கொடுத்து, இரண்டாம் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. மறுப்பு எழுத்தில் வரவேண்டும். பெரும்பாலும் காவல் சட்டம் 30(2) அமலில் உள்ளது என்று எழுதுவார்கள். அந்தப் பிரிவு கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கு, எல்லாக் கூட்டத்தையும் ஒரேயடியாகத் தடுப்பதற்கு அல்ல என்பதுதான் ரிட் மனுவில் எடுத்து வைக்க வேண்டிய வாதம்.

மனு போடும் இடம்: தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. உங்கள் ஊர்கள் இரண்டிலும் இருப்பதால் இரண்டு கடிதம், இரண்டு இடம், ஒரே நேரம் என்று வையுங்கள். ஒரு பக்கம் மறுத்தாலும் மறுபக்கம் நடக்கும்.